'போ' எழுதாத பலகை

கெரிலின் என்ற முழுப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் சரைனா ஊரில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. கெஸ் என்றால் தெரியும். ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலையை எங்கே தோண்டிப் போட்டிருந்தாலும், ஆரஞ்சுச் சட்டையும் அகலத் தொப்பியுமாக, மூக்கின்மேல் வெள்ளைக் களிம்பு அப்பிக்கொண்டு, ஆளுயரக் கம்பில் வட்டப் பலகையைப் பிடித்து நிற்பவள் அவள்தான். அந்தச் சாலையைத் தோண்டாத வருஷம் எங்கள் ஊரில் யாருக்கும் நினைவில்லை. அதனால் கெஸ்ஸுக்கு வேலைக்குப் பஞ்சம் வந்ததில்லை.

அந்தப் பலகைக்கு ஒரு பக்கம் 'நில்'. மறுபக்கம் 'மெதுவாக'. 'போ' என்று எந்தப் பக்கமும் எழுதியிருக்காது. அரசாங்கம் விவரமானது. போகச் சொல்லி எவனாவது போய் முட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது? மெதுவாக என்று காட்டிவிட்டால், போனது அவன் இஷ்டம்.

வெயிலில் சும்மா நிற்பதற்குச் சம்பளமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களை ஒரு நாள் நிற்க வைக்க வேண்டும். சாலையில் ஒரு பாதிதான் திறந்திருக்கும். இந்த முனையில் கெஸ், அந்த முனையில் பெவ். நடுவில் ரோலரும் தார் வண்டியும். ஒருத்தி வண்டிகளை விட்டதும், கடைசியாக வருகிற வண்டி எது என்று வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். "கடைசி வண்டி நீல ஜீப்." அந்த நீல ஜீப் தன்னைத் தாண்டிப் போகும்வரை மற்றவள் பலகையைத் திருப்பக் கூடாது. திருப்பினால் ஒரே தடத்தில் நேருக்கு நேர். கெஸ் அந்த வேலையில் ஒரு தடவை கூடத் தப்புச் செய்ததில்லை. கார்க் கண்ணாடியை இறக்கிக் கெட்ட வார்த்தையில் திட்டுகிற ஆட்களிடம், "ஐயா, உங்க அவசரத்துக்கு நான் ரோட்டைச் சுருட்டியா எடுத்துத் தர முடியும்?" என்பாள். திட்டியவன் சிரித்துவிடுவான்.

பெவ்வுக்கு அறுபது வயசு. இரண்டு புருஷன்களைப் புதைத்தவள். வயர்லெஸ்ஸில் வண்டியைச் சொல்வதைவிட ஊர்க்கதை சொல்வதுதான் அதிகம். கெஸ்ஸுக்குத் தோழி, டீகனுக்குப் பெரியம்மா மாதிரி. டீகன் கெஸ்ஸின் மகள், ஒன்பது வயசு. டீகனின் அப்பன் ஷேன், தூரத்து ஊரான டூவூம்பாவில் டயர் கடையும் புதுப் பெண்டாட்டியுமாக இருக்கிறான். கெட்டவன் இல்லை. ஆனால் பொறுமை கிடையாது.

கோரி வந்தது தண்ணீர் லாரியில். தூசி அடங்குவதற்காக நாள் முழுக்கச் சாலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போய்வருகிற லாரி அது. எங்கள் பக்கத்தில் எதிரே வருகிறவருக்கு ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்குவதுதான் வணக்கம். முன்பின் தெரியாதவர்களுக்கும் உண்டு. ஆள்காட்டி விரல் ஒன்று, லேசாக. அதற்குமேல் செய்தால் வெளியூர்க்காரன். கோரி ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு விரல் தூக்குவான். முகத்தில் சிரிப்பு இருக்காது, கண்ணில் இருக்கும். கெஸ்ஸும் கம்பைப் பிடித்த கையில் ஒரு விரல் தூக்குவாள். இப்படியே கரும்பு வெட்டுக் காலம் முழுக்கப் போனது. ஒரு நாள் இரண்டு விரல் தூக்கினான்.

"பெவ், இன்னைக்கு ரெண்டு விரல்," என்றாள் கெஸ் வயர்லெஸ்ஸில்.

"ஐயையோ. அப்ப கல்யாணப் பத்திரிகை அடிச்சிர வேண்டியதுதான். கல்யாணத்துல போட்டுக்க எனக்குத் தொப்பி வாங்கணும்."

"கிண்டல் பண்ணாத. நெஜமாவே ரெண்டு."

"கடைசி வண்டி மாட்டு லாரி, கண்ணு. அதைக் கொஞ்சம் பாரு. விரலை அப்புறம் எண்ணலாம்."

தமிழில் கோரி என்றால் 'கேட்டு' என்று அர்த்தம். அந்தப் பெயர் அவனுக்கு யாரோ தெரிந்தே வைத்தது போல இருந்தது. முதலில் ஒரு குளிர்காப்பி கேட்டான். பிறகு ஞாயிற்றுக்கிழமை நண்டுக் கூடை போட வருகிறாயா என்று கேட்டான். பிறகு, தான் குடியிருக்கிற பழைய கேரவன் வண்டியை அவள் வீட்டுப் பின்புறம், மாமரத்தடியில் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் கெஸ் சரி என்றாள். கேரவன் வந்து இறங்கிய பிறகு ஒரு காலையில், வேலைக்கு முன் எல்லோருக்கும் எடுக்கிற எச்சில் சோதனையில் கோரி மாட்டினான். ஐஸ். கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கிற அந்தப் பாழாய்ப்போன சரக்கு. அன்றோடு லாரி போயிற்று. ஏற்கெனவே அதற்காக ஜெயிலுக்குப் போய், பரோலில் வந்திருப்பவன் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

வேறொருத்தியாக இருந்தால் கேரவனைக் காரில் கட்டி இழுத்துப் போய்த் தெருவில் விட்டிருப்பாள். அதுதான் புத்திசாலித்தனம் என்று ஊரே சொன்னது. கெஸ்ஸுக்குப் புத்தி இல்லாமல் இல்லை. அவளுக்கு அவன்மேல் ஆசை, அவ்வளவுதான். அதை அவள் ஒளிக்கவும் இல்லை, அதற்கு வேறு பெயர் வைக்கவும் இல்லை. இரக்கம், திருத்துகிறேன், கடவுள் பார்த்துக்கொள்வார் என்றெல்லாம் பூசி மெழுகுகிறவர்களை எங்கள் ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. கறிக்கடை வரிசையில் ஒருத்தி, "அவன்கிட்ட அப்படி என்னதான் பார்த்த கெஸ்?" என்று கேட்டதற்கு, "அவன் கழுத்துல ஒரு மச்சம் இருக்கு. அதைப் பார்த்தேன்," என்றாள். கேட்டவள் வாங்க வந்த கறியை மறந்துவிட்டாள்.

அவன் காணாமல் போகிற நாட்களில் பக்கத்து நகரமான மெக்காயின் தெருக்களை எல்லாம் காரில் சுற்றித் தேடுவாள். அவன் சட்டை ஒன்றைத் துவைக்காமல் தலையணைக்குள் வைத்திருந்தாள். வடக்கே தூரத்து டவுன்ஸ்வில்லில் ஒரு போதை மீட்பு இல்லத்தில் அவனைச் சேர்த்தபோது, முதல் மாதம் யாரும் பார்க்கக் கூடாது என்றுவிட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் டீகனை பெவ்விடம் விட்டுவிட்டு அத்தனை தூரம் ஓட்டிப் போய், எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி, பேக்கரியில் வாங்கிய கறி பப்ஸைக் காருக்குள்ளேயே தின்றுவிட்டு, திரும்பி வருவாள். அவனுடைய ஜன்னலில் இருந்து பார்த்தால் காரின் கூரை மட்டும் தெரியும்.

"கூரையைப் பாத்து அவனுக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள் பெவ்.

"அது என் கார் கூரைன்னு அவனுக்குத் தெரியும்."

"அடி பைத்தியமே."

"ஆமா," என்றாள் கெஸ்.

பைத்தியம்தான். ஆனால் அந்தப் பைத்தியத்துக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள், அதுதான் அவளிடம் மெச்ச வேண்டியது. போதையில் இருக்கிற கோரி வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. டீகனை வண்டியில் ஏற்றவே கூடாது, தெளிவாக இருந்தாலும். இந்த இரண்டும் சட்டம். அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று கண்டுபிடிக்க அவளுக்கு எச்சில் சோதனை தேவைப்படவில்லை. சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பாள். கேரவன் கதவைத் திறந்துகொண்டு வருகிறவன் ஒரு விரல் தூக்கினால், ஆள் தெளிவு. மேசையில் அவனுக்கும் ஒரு தட்டு வைப்பாள். கையை முழுசாகத் தூக்கி, வழியனுப்ப வந்தவன் மாதிரி வீசி வீசி ஆட்டினால், சரக்கு உள்ளே போயிருக்கிறது. கதவைத் தாழ் போடுவாள். பிறகு சாப்பாட்டைத் தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடி, கேரவன் படியில் வைத்துவிட்டு வருவாள். கதவு சாத்திய நாளில் கூடச் சாப்பாடு நின்றதில்லை. இந்தக் கணக்கை அவள் யாரிடமும் சொன்னதில்லை, பெவ்விடம் கூட. சொன்னால் அவனை வேவு பார்க்கிற மாதிரி இருக்கும் என்று கூச்சம்.

தெளிந்திருக்கிற கோரியை டீகனுக்கு ரொம்பப் பிடிக்கும். சேற்று நண்டின் கொடுக்கை எப்படிக் கட்டுவது என்று அவன்தான் கற்றுக்கொடுத்தான். "நண்டை மொறைச்சுப் பாக்கக் கூடாது, அதுக்கு வெக்கம் ஜாஸ்தி," என்பான். அவள் கீழே விழுந்து சிரிப்பாள்.

இந்தச் செய்தியெல்லாம் டூவூம்பாவுக்குப் போகாமல் இருக்குமா? ஷேன் போனில் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். "உன் வாழ்க்கை உன் இஷ்டம் கெஸ். ஆனா அவன் போதையில என் பொண்ணு பக்கத்துல இருந்தான்னு ஒரு தடவை கேள்விப்பட்டேன்னு வை, அன்னைக்கே கோர்ட்டுக்குப் போவேன். பொண்ணு இங்கதான் வளரும்." கெஸ் "தெரியும்" என்று மட்டும் சொன்னாள். ஷேன் சொன்னால் செய்வான் என்பது அவளுக்குத் தெரியும். அன்று ராத்திரிச் சமையலில் உப்பு இரண்டு முறை விழுந்தது.

மீட்பு இல்லத்தில் இருந்து திரும்பிய கோரி தேறியிருந்தான். வாரக்கணக்காக ஒரே விரல்தான். கன்னத்தில் சதை வைத்தது. மாட்டிறைச்சியில் வடை மாதிரி ஏதோ தட்டிப் பொரித்து வைத்திருப்பான், கெஸ் வேலையில் இருந்து வந்ததும் மூவரும் உட்கார்ந்து தின்பார்கள். இடையில் பறிபோயிருந்த ஓட்டுநர் உரிமம் திரும்பக் கிடைத்தது. கெஸ்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தன் சட்டத்தை மறந்து இரண்டு காரியம் செய்தாள். டீகனின் பள்ளிக்கூடத்தில், நீங்கள் கிடைக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டபோது, பெவ்வின் பெயரைச் சொல்லாமல் கோரியின் பெயரைச் சொன்னாள். சொல்லும்போதே முகம் சிவந்துபோனது, கல்யாணப் பெண் மாதிரி. இரண்டாவது, மெக்காயில் ஒரு பட்டறையில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவன் சொன்னதும், காரைக் கொடுத்தாள். தான் பெவ்வின் வண்டியில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று நல்ல வெயில். ஆலையில் கரும்பு அரைக்கிற வாடை சாலைவரை வந்துகொண்டிருந்தது. ஊர்ப் பக்க முனையில் பெவ், வீட்டுப் பக்க முனையில் கெஸ். பலகை பிடிக்கிறவர்கள் போனைக் கையில் வைத்திருக்கக் கூடாது, அது கம்பெனி வண்டியில் கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டீகன் வகுப்பில் வாந்தி எடுத்ததும், பள்ளிக்கூடத்தில் இருந்து கெஸ்ஸுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டுக் கோரியைக் கூப்பிட்டதும் அவளுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் நிறுத்தி வைத்த வண்டிகள் வரிசையாக நின்றன. பெவ்வின் குரல் வந்தது.

"விட்டாச்சு கெஸ். கடைசி வண்டி எது சொல்லு பாப்போம்? உன்னோட காருதான். கோரி ஓட்டறான், டீகன் பின்சீட்டுல."

"டீகனா? அவ எப்படி?"

"தெரியல கண்ணு. ஆனா வேலை கெடைச்சிருச்சு போல. பயங்கர குஷியில இருக்கான். கை முழுசையும் வெளிய போட்டு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டிட்டுப் போறான். நானும் ரெண்டு கையையும் ஆட்டினேன்."

பெவ் பாவம். எங்கள் ஊரில் ஒருவன் அப்படிக் கையை ஆட்டினால் லாட்டரி விழுந்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்த முழுக் கையின் அர்த்தம் கெஸ்ஸுக்குத் தெரியும். இருந்தும் நிதானம் தவறவில்லை. இந்த வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு: ஓடுகிற வண்டிக்கு முன்னால் எக்காரணத்துக்கும் போகாதே. ஓரமாக நில், பின்னால் ஓட இடம் வைத்துக்கொள். முன்னால் வந்த வண்டிகளை அவள் ஓரத்தில் நின்றே விட்டாள். ஒரு லாரி, ஒரு வயசான தம்பதியின் கேரவன், ரொட்டி வண்டி. ரொட்டி வண்டிக்காரன் ஒரு விரல் தூக்கினான், அவளும் தூக்கினாள். பிறகு தார் நாற்றத்துக்கு நடுவே தன்னுடைய பச்சைக் காரைப் பார்த்தாள். டிரைவர் பக்க ஜன்னலில் ஒரு முழுக் கை ஆடிக்கொண்டிருந்தது.

தடத்தின் நடுவில் இறங்கினாள். பலகையில் 'நில்' என்ற பக்கத்தை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். ரோலர் ஓட்டுகிறவன், "ஏ கெஸ், விலகு," என்று கத்தினான். அவள் விலகவில்லை. கார் கோணலாக வந்து, ஜல்லியில் சறுக்கி, முன் பம்பர் அவள் முழங்கால் பக்கத்தில் வந்து நின்றது.

நடந்துபோய் முதலில் சாவியைத்தான் எடுத்தாள். கோரியின் கண்கள் அவளைப் பார்க்காமல் அவளைச் சுற்றிப் பறந்தன.

"கெஸ், பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல. ஸ்கூல்ல கூப்பிட்டாங்க. என்னைக் கூப்பிட்டாங்க கெஸ், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் போகாம எப்படி இருப்பேன்?"

அவன் சொன்னது அவ்வளவும் நிஜம். அதுதான் கொடுமை. பின்கதவைத் திறந்து டீகனை இறக்கினாள். பிள்ளை வெளிறிப்போய், வாந்தி வாடையோடு, அம்மாவின் ஆரஞ்சுச் சட்டையைப் பிடித்துக்கொண்டது. "அம்மா, நான் மெதுவாப் போன்னு சொன்னேன். அவன் கேக்கல."

வயர்லெஸ்ஸில் பெவ்வின் குரல் இறங்கியிருந்தது. அவளுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. "கெஸ், நான் ஒண்ணும் பாக்கல. ரோலர்காரனும் ஒண்ணும் பாக்கல, அவனை நான் பாத்துக்கறேன். காரை ஓரமாத் தள்ளிப் போடு. சாயங்காலம் நான் வந்து ஓட்டிட்டு வரேன். போலீசுக்குப் போச்சுன்னா அவன் பரோல் காலி. ஷேனுக்கும் தெரிஞ்சுபோகும். பொண்ணும் போயிரும்டி. யோசி."

பெவ் சொன்னது அன்பு. அந்த இடத்தில் நின்றிருந்தால் நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்திருப்போம், பிறகு நன்றாகத் தூங்கியும் இருப்போம். கெஸ் யோசித்தாள். இரண்டு பக்கமும் வண்டிகள் காத்திருந்தன, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. கோரி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தான். கழுத்தில் அந்த மச்சம் தெரிந்தது.

"பெவ், போலீசைக் கூப்பிடு," என்றாள்.

"கெஸ்."

"கூப்பிடு. இன்னைக்கு மறைச்சா, நாளைக்கு அவனுக்கு நானே பலகையைத் திருப்பி விட்டதா ஆகும். என் பேரைச் சொல்லு. நான்தான் கூப்பிடச் சொன்னேன்னு சொல்லு."

கோரி நிமிர்ந்தான். போதையிலும் அது அவனுக்கு எட்டியிருந்தது. "அப்ப என்னைப் போகச் சொல்ற. அப்படித்தானே?"

கெஸ்ஸுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே பலகையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள், முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். "இதுல 'போ'ன்னு எங்கயாவது எழுதியிருக்கா பாரு. வருஷக்கணக்கா இதைப் பிடிச்சுட்டு நிக்கறேன். எனக்கு அந்த வார்த்தையே வராது கோரி. நில்லுன்னு சொல்றேன். நில்லு, அவ்வளவுதான்."

போலீஸ் வரும்வரை காரின் ஒரு பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான், மறுபக்கம் நிழலில் அவள் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு தடவை எழுந்து போய், தன் தண்ணீர்க் குடுவையை ஜன்னல் வழியே அவனிடம் கொடுத்தாள்.

மேற்பார்வையாளர் அவளைத் திட்டித் தீர்த்தார். ஓடுகிற வண்டிக்கு முன்னால் நின்றதற்காக இரண்டு வாரம் வேலை கிடையாது என்றார். கோரிக்குப் பரோல் போயிற்று, ராக்ஹாம்ப்டன் ஜெயிலில் போட்டார்கள். ஷேன் டூவூம்பாவில் இருந்து ஒரே ஓட்டாக ஓட்டி வந்தான். மகளின் துணிமணிக்கு ஒரு காலிப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தான். முதலில் போனது பெவ் வீட்டுக்கு, விவரம் கேட்க. பெவ் அவனை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் மூடி மறைக்கச் சொன்னதையும் சேர்த்தே சொன்னாள்.

"அவளேவா கூப்பிடச் சொன்னா?" என்று கேட்டான் ஷேன்.

"அவளேதான். உன்கிட்ட வந்து சேரும்னு தெரிஞ்சேதான்."

"அவன்மேல உசுரையே வச்சிருக்காளே."

"அதான் சொல்றேன்."

ஷேன் தேநீரைக் குடித்து முடித்தான். பிறகு கெஸ் வீட்டுக்குப் போய், டீகனை ஒரு வாரம் விடுமுறைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போனான். சொன்ன நாளில் கொண்டுவந்து விட்டான். கோர்ட் என்ற பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இப்போது பெவ்வின் பெயர் இருக்கிறது.

திருந்திவிட்டாள், தலைமுழுகிவிட்டாள் என்று ஊர் கொஞ்ச நாள் பேசியது. கேரவன் அதே மாமரத்தடியில் நிற்கிறது, வாரம் ஒரு முறை கெஸ் அதைக் கூட்டிப் பெருக்குகிறாள் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சைக் கார் இப்போது தெற்கே ராக்ஹாம்ப்டனுக்குப் போகிறது. வழியில் எத்தனையோ இடத்தில் பலகை பிடிக்கிறவர்கள் அவளை நிறுத்துவார்கள். கெஸ் இன்ஜினை அணைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பாள்.

முதல் சில மாதம் கோரி அவளைப் பார்க்க வர மறுத்தான். அவள் போய், காத்திருப்பு அறையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். கூரையை மட்டும் காட்டிவிட்டு வந்தவளுக்கு இதெல்லாம் பழக்கம். பிறகு ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்தான். அதிகம் பேசவில்லை. டீகனுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டான். நண்டுக் கூடையைத் துரு பிடிக்க விடாதே என்றான். நேரம் முடிந்து அவனை உள்ளே கூட்டிப் போனார்கள்.

டீகன் அன்று கூட வந்திருந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பெவ்வோடு எதிரே இருந்த பூங்காவில் இருந்தாள். நடுரோட்டில் கார் நின்ற அந்த நாளுக்குப் பிறகு அவள் வாயில் கோரி என்ற பெயரே வந்ததில்லை. திரும்பி வரும்போது பின்சீட்டில் பெவ் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் கரும்பு. ரொம்ப தூரம் வந்த பிறகு, முன்சீட்டில் இருந்து வெளியே பார்த்தபடியே டீகன் கேட்டாள்.

"அம்மா, உள்ள போகும்போது கோரி உனக்குக் கை காட்டினானா?"

"காட்டினான்."

"எப்படிக் காட்டினான்?"

கெஸ் அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் நின்று போட்ட அந்தக் கணக்கு தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

எதிரே ஒரு பழைய லாரியில் வந்த கரும்புக்காரர், அது தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, தானும் ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போனார்.